செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

நேயர்களுக்கு வணக்கம். ராமேசுவரம் தீவில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு பையனை வைத்தே பேசிவிடுகிறேன்.

நான்காம் வகுப்பு. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்ததும் ஒழுங்காக வந்தான். மாதக் கடைசியில் வயிற்றுவலி ஆரம்பித்தது. சட்டைக்குப் பொத்தான் போடும்போதே குமட்டும். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. "நடிக்கிறான் டீச்சர், நாலு போடு போடுங்க" என்றார் அவன் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. அவன் வராததெல்லாம் செவ்வாய், வியாழன். அவன் அப்பா மீனவர். திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும், மறுநாள் கரை திரும்பும். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில் இருந்தார், பையனும் வந்தான். முந்தின வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் வீடு வந்தார். படகு வந்ததா என்று தெரியாமல் இவனால் வகுப்பில் உட்கார முடியவில்லை. வலி பொய்யில்லை, பயத்தில் வயிறு பிசையத்தான் செய்யும்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். படகு வந்ததும் அம்மா எனக்குப் போன் செய்வார், நான் அவனிடம் போய்ச் சொல்வேன். முதல் வாரம் அந்த இரண்டு நாளும் இடைவேளை வரை இருந்தால் போதும் என்றோம். அப்புறம் மதியம் வரை. வீட்டில் நிற்கும் நாளில் டிவியும் செல்போனும் கிடையாது. ஒருநாள் நின்றால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் மறுநாள் படியேறுவது இன்னும் கஷ்டம்.

எல்லா வீட்டிலும் இதே காரணம் இருக்காது. பஸ்ஸில் கேலி, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, வாத்தியார் கைப்பிரம்பு என்று எதுவும் இருக்கலாம். அம்மா கடல்பாசி எடுக்கப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கிற பெண்பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவளை நிறுத்தியது நாம்தான்.

காலை அவசரத்தில் "ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. சாயங்காலம், மீன் ஆய்ந்துகொண்டே, "எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் 14416க்குக் கூப்பிடலாம். அரசின் மனநல ஆலோசனை எண், காசு கிடையாது.

அந்தப் பையன் தீபாவளி வரை படகுச் செய்தி கேட்டான். அப்புறம் ஒரு வியாழக்கிழமை சொல்ல நானே மறந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை.