காற்றுக்குச் சுவர் கட்டியவர்கள்: ஹோவர்கிராஃப்ட் பிறந்த கதை

[திரையில்: நுரை கிளப்பிக்கொண்டு போகும் வேகப்படகு]

படகைத் தண்ணீர் தாங்குகிறது. பிடித்து இழுப்பதும் அதே தண்ணீர்தான். காற்றைவிட அது சுமார் 800 மடங்கு அடர்த்தி. எஞ்சினின் பலத்தில் பெரும்பகுதி உரசலிலும் அலை எழுப்புவதிலுமே கரைந்துவிடும். சரி, படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொஞ்சம் காற்றைப் புகுத்திவிட்டால்? அந்தக் காற்று மெத்தைமேல் மிதந்து போகும் ஊர்திதான் ஹோவர்கிராஃப்ட்.

புகுத்துவது சுலபம். அது அங்கேயே நிற்க வேண்டுமே!

1870களிலேயே பிரிட்டனில் ஜான் தோர்னிகிராஃப்ட் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1915இல் ஆஸ்திரிய-ஹங்கேரி கடற்படைக்காக டாகோபெர்ட் முல்லர் உருவாக்கிய சோதனைப் படகு, அடியில் காற்றை ஊதிக்கொண்டே 32 நாட் (மணிக்குச் சுமார் 59 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டியது. 1930களில் சோவியத் பொறியாளர் விளாதிமிர் லெவ்கோவ் இரண்டு பக்கமும் சுவர்போல நீண்ட உடல்களை வைத்து, நடுவில் காற்றை அடைத்தார். அவருடைய எல்-5 என்ற ஊர்தி சோதனையில் ஏறத்தாழ 70 நாட் போனது. மணிக்கு 130 கிலோமீட்டர்!

[திரையில்: இரண்டு தகர டப்பாக்களின் குறுக்குவெட்டு]

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிதான். 1955. மார்கோனி வானொலி நிறுவன வேலையை விட்டுப் படகு கட்ட வந்திருந்தார் பிரிட்டிஷ் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல். ஒரு காபி டப்பாவுக்குள் சின்னதாக ஒரு பூனை உணவு டப்பாவைப் பொருத்தினார். இரண்டுக்கும் நடுவில் இருந்த வளைய இடைவெளி வழியாகக் காற்றை ஊதி, சமையலறைத் தராசின் மேல் பிடித்தார். ஒரே குழாயில் ஊதியபோது இருந்ததைவிட முள் அதிகமாக நகர்ந்தது. விளிம்பைச் சுற்றி வேகமாக இறங்கும் காற்று ஒரு திரையாகி, நடுவில் சேரும் காற்றை வெளியேற விடாமல் மறிக்கிறது. காற்றுக்குக் காற்றே சுவர். எவ்வளவு அழகான யோசனை!

பிரிட்டிஷ் அரசு இதை ராணுவ ரகசியம் என்று பூட்டி வைத்தது. ஆனால் கடற்படை இதை விமானம் என்றது, விமானப்படை படகு என்றது, தரைப்படைக்கு ஆர்வமே இல்லை என்று காக்கரெல் பின்னாளில் சொன்னார். ரகசியப் பூட்டு விலகியபின் சாண்டர்ஸ்-ரோ நிறுவனம் எஸ்.ஆர்.என்.1 ஊர்தியைக் கட்டியது. 1959 ஜூலை 25 அன்று அது பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. மேல்தளத்தில் எடையைச் சமன் செய்ய நின்றவர் காக்கரெலேதான்.

[திரையில்: அலைமேல் மடங்கி நிமிரும் ரப்பர் விளிம்பு]

ஆனால் எஸ்.ஆர்.என்.1 ஒரு சாண் உயரம்தான் எழும்பியது. கொஞ்சம் பெரிய அலை வந்தாலே அடிபடும். இதற்கு விடை, செசில் லாட்டிமர்-நீதம் முன்வைத்த ரப்பர் பாவாடை. விளிம்பைச் சுற்றித் தொங்கும் அது அலை வந்தால் மடங்கும், போனதும் நிமிரும். அதற்குள் காற்று ஆழமாக நிற்பதால் அதே எஞ்சினோடு பல மடங்கு உயரமான தடையையும் தாண்டலாம். 1968இல் கால்வாயில் ஓடத் தொடங்கிய எஸ்.ஆர்.என்.4 ஊர்திகள், பயணிகளோடு கார்களையும் ஏற்றிக்கொண்டு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் அக்கரை சேர்ந்தன.

அப்புறம் லெவ்கோவின் பக்கச் சுவர்? அது மறைந்துவிடவில்லை. நார்வே கடற்படையின் ஷோல்ட் வகைப் படகுகளைப் பாருங்கள்: பக்கங்களில் கெட்டியான உடல், முன்னும் பின்னும் ரப்பர், நடுவில் காற்று. வேகம் 60 நாட்.