பத்து வயதுக்குப் பிறகும் பிள்ளையின் முதுகைப் பாருங்கள்

(கல்முனையில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் இயன்மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, உம்மாமாரே, பின்வரிசையில் நிற்கிற அப்பாமாரே, வாப்பாமாரே, ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நூறு பேரை எடுத்தால், அதில் இரண்டு மூன்று பேருக்கு முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கும். உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். அந்த வயதில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பாடசாலை என்றால் இருபது முப்பது பேர். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒருவர். இவ்வளவு பேருக்கு இருந்தும், இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்குள் தெரிந்தால்கூட வெளியில் சொல்வதில்லை.

இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். பயப்பட வேண்டாம். அந்த முப்பது பேரில் பெல்ட்டோ (வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றிப் போடுகிற பிளாஸ்டிக் கவசம்) சத்திரசிகிச்சையோ தேவைப்படுவது இரண்டு மூன்று பேருக்குத்தான். மற்றவர்களை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த மூன்று பேர் யார் என்பதை ஆரம்பத்திலேயே யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எல்லாப் பிள்ளைகளின் முதுகையும் பார்க்கச் சொல்கிறேன்.

வளைவை எக்ஸ்ரே படத்தில் கோணமாக அளப்பார்கள். 1948இல் ஜோன் கொப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் காட்டிய முறைதான் இன்றைக்கும். 10 பாகைக்குக் குறைந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை. சின்ன வளைவுகள் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருகின்றன. 30 பாகையைத் தாண்டியவர்களைப் பார்த்தால் பெண்பிள்ளைகள்தான் பல மடங்கு.

இந்த வளைவு கூடுவது பிள்ளை மளமளவென்று உயரமாகும் காலத்தில். பெண்பிள்ளை பெரியபிள்ளையாவதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் வளர்ச்சி மிக வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் சுமார் இரண்டு வருடம் உயரம் கூடும். நம்முடைய வீடுகளில் அதே காலத்தில் என்ன நடக்கிறது? அதுவரை கிணற்றடியில் முதுகு தேய்த்துவிட்ட தாய் அந்த வேலையை விட்டுவிடுகிறாள். பிள்ளை தானே குளிக்கிறாள், தானே உடுத்துகிறாள், உடம்பை மூடிக்கொள்கிறாள். அது சரியான பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதுகை ஒருவர் பார்த்தாக வேண்டிய அந்த இரண்டு மூன்று வருடத்தில் யாருமே பார்ப்பதில்லை. ஆண்பிள்ளை கடலில், ஆற்றில் மேல்சட்டை இல்லாமல் குளிக்கும்போதாவது யார் கண்ணிலாவது படும். பெண்பிள்ளையின் வளைவு பல நேரம் தையல்கார அக்காவின் கண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. அளவெடுக்கும்போது ஒரு தோள் உயர்ந்திருக்கும், யூனிபோர்மின் கீழ் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி யாராவது சொன்னால் துணியை மட்டும் திருத்திப் போட்டுவிட்டு விடாதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? 1865இல் லண்டனில் வில்லியம் அடம்ஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. காசு வேண்டாம், கருவி வேண்டாம். பிள்ளை இரண்டு கால்களையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நிற்கட்டும். இரண்டு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி, முதுகு தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை முன்னால் குனியட்டும். நீங்கள் பின்னால் நின்று, கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்க விலா மற்றப் பக்கத்தைவிட மேடாக எழுந்து நின்றால் அதுதான் அடையாளம். முள்ளந்தண்டு வளையும்போது சற்று முறுக்கிக்கொண்டும் போகிறது, விலா எலும்புகளும் அதோடு சேர்ந்து திரும்புகின்றன. நேராக நிற்கும்போது தெரியாதது குனிந்தால் தெரிவது அதனால்தான். நிற்கும்போது ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியிருக்கிறதா, இடுப்பின் மடிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 7ஆம், 10ஆம் வகுப்புகளில் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் அந்த இரண்டுக்கும் இடையிலான மூன்று வருடத்தில் ஒரு சின்ன வளைவு பெரிதாகிவிடலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் எலும்பு மருத்துவர்களும் 2015இல் பெண்பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், ஆண்பிள்ளைகளை 13 அல்லது 14 வயதில் ஒருமுறையும் பார்க்கச் சொன்னார்கள். 2018இல் அதே நாட்டின் வேறொரு நிபுணர் குழு, எல்லோரையும் பரிசோதிப்பதால் வரும் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்றது. நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் வளைவு பெரிதான பிறகு வருகிறார்கள். அதனால் என் பக்கம் தெளிவு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாய் பார்க்கட்டும்.

அப்புறம், பழியைப் பற்றி. புத்தகப் பை பாரம், கோணலாகத் தூங்கினாள், தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் சுமந்தாள், கண்ணூறு. எத்தனை காரணம்! பாரமான பை முதுகு வலியைத் தரும், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வளைவை உண்டாக்குவது அது இல்லை. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்துக்கே தெரியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இருந்தால் தங்கையையும் பாருங்கள். “நிமிர்ந்து இரு, நிமிர்ந்து இரு” என்று பிள்ளையை ஏசுவதால் வளைவு போகாது, பிள்ளையின் மனம்தான் நோகும். எண்ணெய் போட்டு நீவினால் இதமாக இருக்கலாம், எலும்பு நேராகாது. இழுத்து முறித்து நேராக்குகிறேன் என்பவரிடம் தயவுசெய்து கொண்டுபோக வேண்டாம்.

வளர்கிற பிள்ளைக்கு வளைவு 25 பாகையைத் தாண்டினால் பெல்ட் போடச் சொல்வார்கள். 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், பெல்ட் போட்டவர்களில் 72 வீதமானோருக்கு வளைவு சத்திரசிகிச்சை அளவுக்குப் போகவில்லை. போடாதவர்களில் அது 48 வீதம். நாளொன்றுக்குப் 13 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக்கை உடம்பில் கட்டிக்கொண்டு வகுப்பில் இருப்பது பெரும் பாடு, எனக்குத் தெரியும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள், யூனிபோர்மைக் கொஞ்சம் தொளதொளவென்று தையுங்கள். குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். வலைப்பந்திலிருந்து அவளை நிறுத்தவும் வேண்டாம். உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் இருக்கிறது.

தாய்மார் என் காதோடு கேட்கும் கேள்விக்கு மேடையிலேயே பதில் சொல்கிறேன். கலியாணம் கட்டலாம். பிள்ளை பெறலாம். இந்த வளைவு உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்குக் கர்ப்பமும் பிரசவமும் மற்றவர்களைப் போலத்தான். கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்து வைக்கிற வருடங்களில்தான் வளைவு 50 பாகையைத் தாண்டுகிறது. வளர்ச்சி நின்ற பிறகும் அந்த அளவு வளைவு வருடத்துக்குச் சுமார் ஒரு பாகை கூடும்.

சந்தேகம் வந்தால் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, கடிதம் வாங்கி, எலும்பியல் கிளினிக்குக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தந்தால் பஸ் தூரத்தை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். பழைய எக்ஸ்ரே படங்களைப் பத்திரமாக வையுங்கள், வளைவு கூடியதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். கை கால் மரத்துப்போதல், இரவில் எழுப்புகிற வலி, நடை மாறுதல் இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து வகுப்பறையில் திரை கட்டியிருக்கிறோம். உள்ளே பெண்கள் மட்டும்தான் இருப்போம். மகள்மாரோடு தாய்மார் ஒவ்வொருவராக வாருங்கள். மகன்மாரோடு வந்தவர்களுக்கு எதிர் அறை.