நான்கு வரியில் நூற்று நான்கு பேர்: பிடிஎஃப் கோப்பு கணினியை ஏமாற்றும் விதம்

[காட்சி: ஹட்டன் நகரில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை. வெளியே மழை. பழைய கணினித் திரையில் ஒரு கோப்பு திறக்கிறது. உடனே சாளரம் மறைந்துவிடுகிறது.]

குரல்:
வணக்கம். ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஒரு மாலை, பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் பென்ட்ரைவ் கொண்டு வந்தான். "அண்ணே, சாதாரண தரக் கணித வினாத்தாள். இரண்டு பக்கமும் விழுகிற மாதிரி அடித்துத் தாருங்கள்" என்றான். கோப்பைத் திறந்தேன். சாளரம் ஒரு கணம் வெளிறி நின்றது, பிறகு காணாமல் போனது. மூன்று முறையும் அப்படித்தான். எல்லா நோய்க்கும் நான் கொடுக்கும் மருந்தைக் கொடுத்தேன்: கணினியை அணைத்துப் போட்டேன். நான்காவது முறையும் அதே கதை.

"கோப்பு சரியில்லை தம்பி" என்று அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பாதிதான் உண்மை. மறு பாதி என் கணினியில் இருந்தது. பல வருடமாகப் புதுப்பிக்காத பிடிஎஃப் பார்வை மென்பொருள் அது. ஒரு கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் இப்படிச் செத்து விழுவதற்குப் பெரும்பாலும் நினைவகத்தைக் கையாளும் பிழைதான் காரணம். செத்து விழுந்தால் நல்ல காலம். விழாமல், வேறொருவன் சொல்வதைச் செய்யத் தொடங்கினால் அது தாக்குதல்.

[காட்சி: ஒரு பிடிஎஃப் பக்கம். அதன் பின்னால் வரி வரியாகக் கட்டளைகள் தெரிகின்றன.]

பிடிஎஃப் என்றால் கடதாசியைப் படம் பிடித்து வைத்தது போல என்று நானும் நினைத்திருந்தேன். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008இல் சர்வதேசத் தரமானது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் கட்டளைகள். இந்த எழுத்தை இந்த இடத்தில் வை. அடுத்து வருவது சுருக்கிய படம், அதை விரி. படத்தின் அளவு இவ்வளவு. சில கோப்புகளுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய நிரலே இருக்கும். நாம் வாசிப்பதற்கு முன்பே மென்பொருள் அதை வாசித்து, சொன்ன வேலையைச் செய்து முடித்திருக்கும். அந்த "அளவு இவ்வளவு" என்ற சொல்லில்தான் வில்லங்கம்.

[காட்சி: கட்டம் போட்ட நீளமான பதிவேடு. ஒவ்வொரு வரிக்கும் எண்.]

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். யாருக்குப் பேர் (முழு நாள் வேலை) விழுந்தது, யாருக்கு அரைப்பேர் (அரை நாள்) என்று மாதச் சம்பளத்தையே தீர்மானிக்கும் புத்தகம். கணினியின் நினைவகத்தை அப்படி ஒரு நீண்ட புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தில் ஒரு கோளாறு உண்டு. ஆட்களின் பேர்களும், கிளாக்கர் (கணக்கு எழுதுபவர்) அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதே புத்தகத்தில் எழுதப்படுகின்றன.

கிளாக்கர் புதியவர். வேகமானவர். சொன்னதைச் செய்வார், தானாக எதையும் யோசிக்க மாட்டார். வேலை நடக்கும் தேயிலை மலையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. ஒரு குழுவில் 60 பேர், இன்னொன்றில் 44 பேர். கூட்டினால் 104. ஆனால் துண்டில் மொத்தம் எழுதும் இடத்தில் இரண்டே கட்டங்கள். நூறாம் இடத்து ஒன்றுக்கு இடமில்லாமல் அது விழுந்துவிடுகிறது. துண்டில் நிற்பது 04.

கிளாக்கர் நான்கு வரிகளை ஒதுக்குகிறார்: 12, 13, 14, 15. பதினாறாம் வரியில் ஏற்கெனவே ஓர் உத்தரவு இருக்கிறது: "இது முடிந்ததும் 40ஆம் பக்கத்தைப் பார்." இப்போது பேர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார். துண்டில் இருந்த 04 அவருக்கு மறந்துபோயிற்று. பட்டியல் தீரும்வரை எழுதுவார். ஐந்தாவது பேர் பதினாறாம் வரியின் மேலேயே விழுகிறது.

அந்த ஐந்தாவது பேர் ஒரு மனிதரின் பேராக இருந்தால், உத்தரவு குழம்பிக் கிளாக்கர் திகைத்து நின்றுவிடுவார். என் கடைச் சாளரம் மறைந்தது அப்படித்தான். ஆனால் பட்டியலை எழுதியவன் கெட்டிக்காரன். ஐந்தாவது இடத்தில் "90ஆம் பக்கத்தைப் பார்" என்று எழுதி வைத்திருக்கிறான். 90ஆம் பக்கத்தில் அவனுடைய சொந்த உத்தரவுகள். கிளாக்கருக்கு வித்தியாசம் தெரியாது. புத்தகத்தில் இருப்பதைத்தானே அவர் செய்கிறார்.

ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவதற்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். கட்டம் போதாமல் எண் சுருங்கிப்போவது இன்டிஜர் ஓவர்ஃப்ளோ. கணினியில் 32 பிட் எண்ணுக்கு, அதாவது பூச்சியம் அல்லது ஒன்று மட்டும் எழுதும் 32 கட்டங்கள் கொண்ட எண்ணுக்கு, உச்சம் 4,294,967,295. அதோடு ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். இந்த வரம்பு மீறல் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1988 நவம்பரில் இணையத்தையே திணற வைத்த, தானே பரவும் நிரலான மொரிஸ் புழு, நுழைந்த வழிகளில் ஒன்று பஃபர் ஓவர்ஃப்ளோதான்.

இன்னொரு வகையும் உண்டு. ஓய்வு பெற்ற ஒருவரின் வரியை அழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கோ ஒரு துண்டில் "37ஆம் வரிக்காரருக்குக் கொடு" என்று பழையபடியே கிடக்கிறது. பணம் யாருக்குப் போகும்? விடுவித்த நினைவகத்தை மறுபடியும் பயன்படுத்தும் இந்தப் பிழை இணைய உலாவிகளிலும் (பிரவுசர்) பிடிஎஃப் மென்பொருள்களிலும் ஏராளம்.

[காட்சி: ஒரே "க" எழுத்து பக்கம் முழுவதும் பல இடங்களில் ஒளிர்கிறது.]

இனி நிஜமாக நடந்தது. ஜேபிக்2 என்றொரு படச் சுருக்க முறை 2000ஆம் ஆண்டில் வந்தது. தொலைநகல், ஸ்கேன் செய்த ஆவணம் ஆகியவற்றுக்காக உருவானது. ஒரு பக்கத்தில் "க" ஐம்பது தடவை வந்தால், அந்த உருவத்தை ஒரு தடவை மட்டும் சேமித்துக்கொண்டு, மற்ற இடங்களில் எல்லாம் அதையே ஒட்டும். சிக்கனமான யோசனை.

போட்டோ கொப்பி போடுகிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மனியர், செரொக்ஸ் இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவுகள் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். இன்னோர் ஆவணத்தில் ஆறு, எட்டாகியிருந்தது. இரண்டு உருவங்களும் ஏறத்தாழ ஒன்று என்று இந்தச் சுருக்க முறை முடிவு செய்துவிட்டது. இது பாதுகாப்புக் குறை இல்லை, தனிக் கதை. ஆனால் அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை வங்கிப் புத்தகங்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பேன்!

ஜேபிக்2 படங்களை பிடிஎஃப் கோப்புக்குள் வைக்கலாம். ஆகவே எல்லாப் பார்வை மென்பொருள்களும் அதை விரிக்கத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. 2009 பெப்ரவரியில் அடோபி ரீடரில் அந்தப் பகுதியில் இருந்த நினைவகக் குறையைத் தாக்குபவர்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பது வெளிவந்தது. திருத்தம் மார்ச் 10இல்தான் வரத் தொடங்கியது. அதுவரை ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வையுங்கள் என்பதே பொதுவான ஆலோசனை. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, அதே ஜேபிக்2, வேறொரு மென்பொருளில். 2021 செப்டெம்பரில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக் குழு, சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனில் சில கோப்புகளைக் கண்டெடுத்தது. பெயரின் முடிவைப் பார்த்தால் ஜிஃப் படம், உள்ளே பிடிஎஃப். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்குவதற்கான வழி அது. அந்த மனிதர் எதையும் தொடத் தேவையில்லை. செய்தி வந்து சேர்ந்ததுமே போன் தானாகக் கோப்பை விரித்துப் பார்த்தது, அது போதும்.

குறை எங்கே இருந்தது? நம்முடைய துண்டில் இருந்த அதே இடத்தில். ஜேபிக்2 படத்தின் ஒரு பகுதி, சேமித்து வைத்த எழுத்து உருவங்களின் பல தொகுதிகளைச் சுட்டலாம். அவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு ஏற்ப இடம் ஒதுக்க வேண்டும். கூட்டுத்தொகை 32 பிட்டைத் தாண்டிச் சுருங்கியது. ஒதுக்கிய இடம் சிறியது, எழுத வந்தவை அதிகம். அப்பிளின் அந்தப் பகுதி, எக்ஸ்பிடிஎஃப் என்ற பழைய திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருளின் நிரலிலிருந்து வந்தது. யாரோ ஒருவர் கூட்டிவிட்டுச் சரிபார்க்காத ஒரு வரி, பல வருடம் கழித்து விலையுயர்ந்த போனுக்குள் இருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. ஜேபிக்2இல் ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழி எதுவும் கிடையாது. படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கலக்கும் கட்டளைகள் மட்டும் உண்டு: இரண்டிலும் கறுப்பு இருந்தால் கறுப்பு, ஏதாவது ஒன்றில் இருந்தால் கறுப்பு, இப்படி. கணினிச் சில்லுக்குள் இருக்கும் தர்க்கமும் இதுவே. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அத்தகைய கட்டளைகளைக் கோத்து, கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சிறிய கணினியையே அந்தக் கோப்புக்குள் கட்டியிருந்தார்கள். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கூகுளின் புரொஜெக்ட் ஸீரோ குழு அந்த ஆண்டு டிசெம்பரில் இதை விவரமாக எழுதியது. அப்பிள் செப்டெம்பர் 13ஆம் திகதியே ஐஓஎஸ் 14.8 வழியாக ஓட்டையை அடைத்துவிட்டது.

[காட்சி: பதிவேட்டின் பக்க எண்கள் கலைந்து இடம் மாறுகின்றன.]

தற்காப்பு இல்லாமல் இல்லை. புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொரு நாளும் கலைத்து அடுக்கினால், திருடனுக்கு 90ஆம் பக்கம் எங்கே என்று தெரியாது. பேர் எழுதும் பக்கத்தில் உத்தரவு எழுதியிருந்தாலும் அதைச் செய்யாதே என்று கிளாக்கருக்குச் சொல்லி வைக்கலாம். அவரைச் சாவி எதுவும் இல்லாத தனி அறையில் உட்கார வைக்கலாம். ஏமாந்தாலும் பெட்டகத்தைத் திறக்க முடியாது. அடோபி ரீடரில் அந்தத் தனி அறை 2010இல் வந்தது. என் மனதுக்குப் பிடித்தது வேறு வழி: ஒதுக்கிய வரியைத் தாண்டி எழுதவே விடாத ரஸ்ட் போன்ற மொழிகளில் மென்பொருளை எழுதுவது. தன் மென்பொருள்களில் ஒவ்வோர் ஆண்டும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை என்று மைக்ரோசொஃப்ட் 2019இல் சொன்னது. அவ்வளவும், வரம்பைத் தாமாகச் சரிபார்க்காத சீ, சீ++ என்ற நிரல் மொழிகள் நம் தலையில் கட்டிய கடன்.

பெகாசஸ் எல்லாம் பெரிய இடத்து விவகாரம், ஹட்டன் கடைக்கு என்ன என்று கேட்பீர்கள். என் கணினியின் டவுன்லோட் கோப்புறையை ஒரு நாள் திறந்து பார்த்தேன். அடையாள அட்டைகள். பிறப்புச் சான்றிதழ்கள். வெளிநாடு போகும் அக்காமாரின் கடவுச்சீட்டுகள். ஊழியர் சேமலாப நிதிப் படிவங்கள், கையெழுத்தோடு. சுற்றியுள்ள தோட்டங்களின் முழுப் பெட்டகமும் நான் புதுப்பிக்காத ஒரு மென்பொருளின் பின்னால் கிடந்தது. எவருடைய பென்ட்ரைவையும் கேள்வி கேட்காமல் அதில் செருகிக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது இவ்வளவுதான். பழைய மென்பொருளை நீக்கிவிட்டேன். களவாகப் பூட்டுடைத்த பதிப்பு என்பதால் அதற்குத் திருத்தம் எப்போதுமே வந்திருக்காது. பிடிஎஃப் கோப்புகளை உலாவியில் திறக்கிறேன். உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், தனி அறையும் அதற்கு உண்டு. கோப்புறையில் சிறுபடம் காட்டும் வசதியை நிறுத்தினேன், ஏனென்றால் சிறுபடம் வரைவதற்கும் கோப்பை விரிக்கத்தான் வேண்டும். வாடிக்கையாளரின் கோப்புகளை அன்றிரவே அழிக்கிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதிலேயே கடை நடத்துகிறவர்கள் புதிய பதிப்புக்கு மாறுவதை ஒரு செலவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மறுபடியும் கடை. அதே பையன், அதே பென்ட்ரைவ்.]

அந்தப் பையன் திரும்பவும் வந்தான். கோப்பை உலாவியில் திறந்தேன். முதல் மூன்று பக்கங்கள் ஒழுங்காக வந்தன. நான்காவதிலிருந்து வெற்றுப் பக்கம். சாளரம் மறையவில்லை. பெரும்பாலும் சிக்னல் விட்டு விட்டு வரும் லயத்தில், பாதியில் நின்ற டவுன்லோட்டாக இருக்கும். யாரும் யாரையும் தாக்கவில்லை. மீதிப் பக்கங்களுக்குத் தோழனின் வினாத்தாளை வாங்கி வந்தான். கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கொப்பி எடுத்தேன். ஆறும் எட்டும் ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தேன். "என்ன அண்ணே தேடுகிறீர்கள்?" என்றான்.