வாக்குக் கேட்டவரே பணமும் பங்கிட்டார்

(ஹட்டனில் தோட்ட விளையாட்டுக் கழகங்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும், சூரிச்சில் தலைமையகம் வைத்திருக்கும் ஃபிஃபாவில் நடந்த ஊழலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "சூரிச்சில் நடந்ததை ஹட்டனில் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் இலங்கையும் வருகிறது, அப்புறம் நம்முடைய மைதானமும் வருகிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு கவரைப் பற்றிச் சொல்கிறேன். 2011 மே மாதம், ட்ரினிடாட்டின் தலைநகரில் ஒரு பெரிய ஹோட்டல். கரீபியன் தீவுகளின் உதைபந்தாட்டச் சங்க நிர்வாகிகளை அங்கே கூட்டியிருந்தார்கள். ஃபிஃபா தலைவர் பதவிக்கு, அப்போதைய தலைவர் செப் பிளாட்டரை எதிர்த்து நின்ற கட்டார்காரர் முகமது பின் ஹம்மாம் வந்து ஆதரவு கேட்டுப் பேசினார். அவர் அப்போது ஆசியக் கூட்டமைப்பின் தலைவர், அதாவது நமக்கும் தலைவர். பேச்சு முடிந்த பிறகு வந்தவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். உள்ளே 40,000 அமெரிக்க டொலர்.

டொலர் 300 ரூபா என்று வையுங்கள். ஒரு கோடியே 20 இலட்சம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு, மாதம் 25 நாள் வேலைக்குப் போனாலும், கொழுந்தெடுக்கும் ஒரு பெண் அந்தக் கவரைச் சம்பாதிக்க ஏறக்குறைய 30 வருடம் மலையேற வேண்டும்.

எல்லோரும் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடவில்லை. பஹாமாஸ் சங்கத்தின் துணைத் தலைவர் கவரைப் பிரித்து, பணத்தைப் படம் பிடித்துத் தன் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார். விஷயம் கசிந்ததும் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் ஜாக் வோர்னருக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பக்தி இருந்தால் தேவாலயத்துக்குப் போங்கள் என்கிற மாதிரி அவர் கூட்டத்தில் பேசியது காணொளியாகவே வெளியே வந்தது. பின் ஹம்மாம் குற்றத்தை மறுத்தார். ஃபிஃபா போட்ட ஆயுள் தடையை, ஆதாரம் போதாது என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012 இல் நீக்கியது. அவர் குற்றமற்றவர் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அதே வருடம் டிசம்பரில், வேறு விவகாரத்தில், அவருக்கு மறுபடியும் ஆயுள் தடை வந்தது.

இதைக் கேட்டவுடன் ஐரோப்பாவில் பலர் ஒரு தீர்வு சொன்னார்கள். ஃபிஃபாவில் 211 சங்கங்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. மொன்செராட் என்று ஒரு தீவு, சுமார் 5,000 பேர்தான் இருக்கிறார்கள், நம் பெரிய தோட்டமொன்றின் சனத்தொகை மாதிரி. அதற்கும் ஒரு வாக்கு, பிரேசிலுக்கும் ஒரு வாக்கு. இதுதான் ஊழலின் வேர், சின்ன நாடுகள் மலிவாக விலைபோகின்றன, பெரிய நாடுகளுக்குக் கூடுதல் வாக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1948 இல் குடியுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் பறிபோன சமூகம் நாம். சின்னவனுக்கு வாக்கு எதற்கு என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதுவும் தவிர, கரீபியன்காரர் கவர் வாங்கியது தெரிகிறது, பெரிய பணம் எங்கே கை மாறியது என்று பார்த்தால் அது சூரிச் பக்கம்தான் காட்டுகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1966 உலகக் கிண்ணத்தில் 16 அணிகள். ஆபிரிக்காவுக்கென்று உறுதியான ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை. ஆபிரிக்க நாடுகள் மொத்தமாகப் புறக்கணித்தன. அப்போது தலைவராக இருந்த இங்கிலாந்துக்காரர் ஸ்டான்லி ரௌஸ், நிறவெறி பிடித்த தென்னாபிரிக்காவையும் உள்ளே வைத்திருக்கப் பார்த்தவர். 1974 இல் பிரேசிலின் ஜோவோ ஹவெலாஞ்ச் அவரை எதிர்த்து நின்றார். ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கூடுதல் இடம், பயிற்சி, உதவி என்று வாக்குறுதி கொடுத்து வென்றார். சொன்னதைச் செய்யவும் செய்தார். 1982 இல் 24 அணிகள், 1998 இல் 32. தென்னாபிரிக்கா 1976 இல் வெளியேற்றப்பட்டது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்களுக்கு நியாயம் கிடைத்தது, கூடவே ஒரு வியாதியும் வந்தது.

தொலைக்காட்சி உரிமையும் விளம்பரமும் பெருகப் பெருகப் பணம் குவிந்தது. அடிடாஸ் குடும்பத்து ஹோர்ஸ்ட் டாஸ்லர் தொடங்கிய ஐஎஸ்எல் என்ற நிறுவனம் உலகக் கிண்ண உரிமைகளை வாங்கி விற்றது. உரிமை கிடைக்க யாருக்கு என்ன போனது என்பது, அந்த நிறுவனம் 2001 இல் திவாலான பிறகுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தது. 2012 இல் வெளியான சுவிஸ் அரச வழக்குத்தொடுநரின் ஆவணம், ஹவெலாஞ்சுக்கு 1997 இல் 1.5 மில்லியன் சுவிஸ் பிராங் என்கிறது. அவருடைய முன்னாள் மருமகன், பிரேசில் சங்கத் தலைவர் ரிக்கார்டோ டெய்ஷெய்ராவுக்கு 1992 முதல் 1997 வரை குறைந்தது 12.74 மில்லியன். ஒருமுறை ஹவெலாஞ்சுக்குப் போக வேண்டிய பணம் தவறுதலாக ஃபிஃபாவின் சொந்தக் கணக்கிலேயே வந்து விழுந்தது! அப்போதும் யாரும் பொலிசுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் தனியார் அமைப்பின் நிர்வாகி கமிஷன் வாங்குவது அந்தக் காலத்து சுவிஸ் சட்டத்தில் குற்றமே இல்லை. அப்படிப்பட்ட கொடுப்பனவை வியாபாரச் செலவாகக் காட்டி வரியில்கூடக் கழித்துக்கொள்ளலாம் என்று பிளாட்டரே விளக்கம் கொடுத்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைப் பிடிப்பவரும், கழிவு வெட்டுபவரும், கணக்கு எழுதுபவரும், முறைப்பாடு கேட்பவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியிருக்கும்? ஃபிஃபா அப்படித்தான் இருந்தது.

1998 இல் பிளாட்டர் தலைவரானார். அடுத்த வருடம் கோல் என்று ஓர் உதவித் திட்டம் தொடங்கினார். ஏழைச் சங்கங்களுக்குக் கட்டடம், மைதானம், பயிற்சி நிலையம். நல்ல திட்டம். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் யார் தெரியுமா? பின் ஹம்மாம்தான், அப்போது அவர் பிளாட்டரின் வலது கை. நான் இன்று சொல்ல வந்ததே இதைத்தான். கவரில் கொடுத்தால் இலஞ்சம், பிடிபடலாம். அபிவிருத்தி நிதியாகக் கொடுத்தால் அது சேவை, கைதட்டல் கிடைக்கும். நிதியைப் பங்கிடும் தலைவர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் வாக்குக் கேட்டு வருகிறார். கேட்கவே வேண்டாம், வாக்குத் தானாக விழும்.

இதற்கு 2015 ஐ விட நல்ல சாட்சி இல்லை. 2010 டிசம்பர் 2 ஆம் திகதி ஃபிஃபா நிறைவேற்றுக் குழுவின் 22 பேர் ஓர் அறையில் இருந்து 2018 உலகக் கிண்ணத்தை ரஷ்யாவுக்கும் 2022 ஐ கட்டாருக்கும் கொடுத்ததும், அந்த 22 பேரில் பலர் பிற்பாடு தடையிலோ வழக்கிலோ மாட்டியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த வாக்களிப்பிலும் பணம் கைமாறியதாக 2020 இல் அமெரிக்க வழக்குத்தொடுநர்கள் குற்றம் சாட்டினார்கள், இரு நாடுகளும் மறுக்கின்றன. அதை விட்டு 2015 மே 27 க்கு வாருங்கள். விடிகாலையில் சூரிச்சின் ஆடம்பர ஹோட்டலுக்குள் சுவிஸ் பொலிஸ் நுழைந்து ஏழு பேரைக் கைது செய்தது. யாரும் படம் எடுக்கக் கூடாதென்று ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்து மறைத்துக் கூட்டிப்போனார்கள். அமெரிக்க நீதித் திணைக்களம் 14 பேர் மீது வழக்குப் போட்டது. 24 வருடத்தில் 150 மில்லியன் டொலருக்கும் மேல் இலஞ்சம் என்றது.

உள்ளேயிருந்து துப்புக் கொடுத்தவர் சக் பிளேசர், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக இருந்தவர். நியூயோர்க்கின் டிரம்ப் டவரில் அவருக்கு ஒரு வீடு, அவருடைய பூனைகளுக்கு இன்னொரு வீடு என்று பத்திரிகைகள் எழுதின. ஆளை மடக்கியது விளையாட்டு விதியில்லை, வருமான வரி கட்டாதது. வரிக்காரர் பிடித்த பிறகு, ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துவைத்துக்கொண்டு பழைய சகாக்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

சரி, கைது நடந்து இரண்டு நாள் கழித்துத் தலைவர் தேர்தல். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிளாட்டருக்கு 133 வாக்கு, எதிர்த்து நின்ற ஜோர்தான் இளவரசர் அலிக்கு 73. சில நாளில் பிளாட்டர் தானே விலகுவதாக அறிவித்தார், வருட முடிவில் அவருக்கும் ஐரோப்பியக் கூட்டமைப்புத் தலைவர் பிளட்டினிக்கும் 2 மில்லியன் பிராங் கொடுப்பனவொன்றுக்காகத் தடை வந்தது. அந்த வழக்கில் சுவிஸ் நீதிமன்றங்கள் இருவரையும் 2022 இலும் 2025 இலும் விடுதலை செய்தன, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த 133 வாக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

2016 பெப்ரவரியில் ஜியானி இன்ஃபான்டினோ வந்தார். ஃபிஃபாவின் பணம் உங்கள் பணம் என்று பேசினார், மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். ஒவ்வொரு சங்கத்துக்குமான உதவி கூடியது. 2023 முதல் 2026 வரையான நான்கு வருடச் சுற்றில் ஒரு சங்கத்துக்கு 8 மில்லியன் டொலர் வரை. 2023 இல் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. 2034 உலகக் கிண்ணத்துக்குக் கேட்டது சவூதி மட்டும், 2024 டிசம்பரில் கணினித் திரை வழியாகக் கூடிய மாநாட்டில் கைதட்டியே முடிவு செய்தார்கள். செலவுக்குக் கணக்காய்வு விதிகள் முன்பைவிட இறுக்கம் என்பது உண்மை. நிதி கொடுப்பவருக்கும் வாக்குப் போடுபவருக்கும் இடையிலான உறவு மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி நம் நாடு. ஃபிஃபா நிறைவேற்றுக் குழுவில் உட்கார்ந்த இலங்கையர் மணிலால் பெர்னாண்டோ, நம் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர், பின் ஹம்மாமுக்கு நெருக்கமானவர். நெறிமுறை விதிகளை மீறியதாக 2013 ஏப்ரலில் 8 வருடத் தடை, மேன்முறையீட்டில் அது ஆயுள் தடையானது. பத்து வருடம் கழித்து 2023 ஜனவரியில் சம்மேளனத் தேர்தல் நடந்தது. தலைவராகத் தெரிவானவர் நம் நுவரெலியா மாவட்டத்திலிருந்து முன்பு பாராளுமன்றம் போனவர். ஃபிஃபா அந்தத் தேர்தலை ஏற்கவில்லை. வெளியார் தலையீடு என்று சொல்லி இலங்கையையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. இடையில் தெற்காசியக் கிண்ணம் பெங்களூரில் நடந்தது, 1995 இல் அதை வென்ற நாடு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட்டுக்கும் இதே கதி.

நம்ம அமைச்சர்மார் விளையாட்டுக்குள் கை வைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, அந்த வரலாறும் அழுக்குத்தான். ஆனால் அரசாங்கம் கேட்டால் தலையீடு, நீதிமன்றம் கேட்டால் தலையீடு என்றால், கணக்குக் கேட்க மிஞ்சியிருப்பது யார்? உள்ளே இருப்பவர்கள்தான். சம்மேளனத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்வது லீக்குகள். லீக்குகளைத் தெரிவு செய்வது கழகங்கள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கழகச் செயலாளர்கள்தான் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. லீக் தேர்தலுக்கு முந்தின வாரம் பந்தும் ஜேர்சியும் கொண்டுவருபவரை உங்களுக்குத் தெரியும். ஜேர்சியை வாங்குங்கள், பிள்ளைகளுக்குத் தேவைதான். கணக்காய்வு செய்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லியும் எழுதிக் கேளுங்கள், பெண்பிள்ளைகளின் அணிகளுக்கு என்ன போனது என்றும் கேளுங்கள்.

இங்கே வரும்போது ஒரு தம்பி கேட்டார், "ஃபிஃபா காசில் எங்களுக்கு ஒரு மைதானம் கிடைக்குமா?" கிடைக்கும் என்று நான் மேடையிலிருந்து சொல்ல முடியாது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, கையில் வைத்திருப்பது குத்தகைக் கம்பெனிகள், அதை விடுவித்தால்தான் மற்றதெல்லாம். ஆனால் ஒருநாள் யாராவது வந்து மைதானம் கட்டப் போகிறோம் என்றால், காணி உறுதி யாருடைய பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ட்ரினிடாட்டில் உதைபந்தாட்டப் பணம் கிட்டத்தட்ட 26 மில்லியன் டொலரில் ஒரு பயிற்சி நிலையம் எழும்பியது. ஹவெலாஞ்ச் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கூட்டமைப்பின் சொத்து என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வோர்னர் பதவியை விட்டுப் போன பிறகு பார்த்தால், அது நின்ற காணி அவருடைய கம்பெனிகளின் பேரில் இருந்தது.