70 வாட்டா, 20 வாட்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஹைஃபை ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எண்களில்தான் தொடங்கும். உங்களுடையது எத்தனை வாட்? டிஸ்டார்ஷன் (ஒலியில் சேரும் சிதைவு) எவ்வளவு? இரைச்சல் அளவு என்ன? எண் பெரிதாக இருப்பவர் ஜெயித்த மாதிரி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் பழைய கையேடுகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எண்ணைப் பார்த்ததும் அதன் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவேன். எப்படி அளந்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அது இல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிட வழியே கிடையாது.

என்னிடம் இருப்பவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மராண்ட்ஸ் 2270. 1970களின் தொடக்கத்தில் வந்தது, ரேடியோவும் உள்ளேயே இருக்கும் ரிசீவர். சானலுக்கு 70 வாட். மற்றொன்று 1978இல் வந்த என்ஏடி 3020. சானலுக்கு வெறும் 20 வாட். முகப்பில் பளபளப்பு எதுவும் இல்லாத சாம்பல் பெட்டி. காகிதத்தில் பார்த்தால் முன்னது மூன்றரை மடங்கு பெரியது. காதுக்கு அது எவ்வளவு?

டெசிபெல் கணக்குப் போட்டால் 70க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஐந்தரை டெசிபெல். ஒலி இரண்டு மடங்கானது போலத் தோன்ற பத்து டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்று டெசிபெல்தான். அதே வாட்டுக்கு மூன்று டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும், அதாவது உணர்திறன் கூடிய, ஸ்பீக்கரை மாட்டினாலும் அதே பலன் வந்துவிடும். ஆம்ப் வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டில் நாம் கேட்கும் அளவில் சராசரியாகச் செலவாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. பிறகு ஏன் இத்தனை வாட்? இசையின் உச்சங்களுக்காக. சராசரி அரை வாட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு டிரம் அடி இருபது டெசிபெல் மேலே எழும்பினால் அந்த நொடித் துணுக்குக்கு 50 வாட் தேவை. இங்கேதான் அந்த 20 வாட் பெட்டி தன் வித்தையைக் காட்டுகிறது. இடைவிடாமல் முழு அளவில் ஓட்டினால் 20 வாட். குறுகிய துடிப்புகளுக்கு, 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் 40 வாட், 4 ஓமில் 58, 2 ஓமில் 72 என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தார்கள். காரணம் மந்திரம் இல்லை. மின்வழங்கி சும்மா இருக்கும்போது அதன் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும், தொடர்ந்து பளு ஏற்றினால் இறங்கும். துடிப்பு குறுகியதாக இருந்தால் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். எரிக் எட்வர்ட்சன் அதை வடிவமைத்தபோது தாழ்ந்த ஓமில் மின்னோட்டத்தைக் கொடுக்கும்படி அமைத்தார். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் அதைவிடக் கீழே இறங்கும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். விளம்பரத் துறை அதை எடுத்துக்கொள்வதில்லை.

சரி, வாட் என்ற எண்ணுக்கே வருவோம். 1960களில் அமெரிக்கச் சந்தையில் அது ஏறக்குறைய கற்பனை. 'மியூசிக் பவர்' என்பார்கள், 'பீக் பவர்' என்பார்கள். சைன் அலையில் (ஒரே அதிர்வெண் கொண்ட சீரான அலை) உச்ச சக்தி சராசரியைப் போல இரண்டு மடங்கு. இரண்டு சானலையும் கூட்டினால் இன்னும் இரண்டு மடங்கு. உண்மையில் சானலுக்கு 20 வாட் தரும் பெட்டி விளம்பரத்தில் 80 வாட் ஆகிவிடும். எண்ணில் பொய் எதுவும் இல்லை, ஆனால் வாங்குபவர் ஏமாறுவார். இதற்கு முடிவு கட்ட அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. இரண்டு சானலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். எத்தனை ஓம், எந்த அதிர்வெண் வீச்சு, அதிகபட்ச டிஸ்டார்ஷன் எவ்வளவு என்பதெல்லாம் வாட்டுடன் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். அதோடு அன்று இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அளப்பதற்கு முன், சொல்லப்பட்ட சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஆம்ப் ஒரு மணி நேரம் ஓட வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு என்றால் சலுகை போலத் தெரியும். உண்மையில் அதுதான் கடுமையான சோதனை. முழு சக்தியில் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போய்விடும், டிரான்சிஸ்டரில் தங்குவது குறைவு. சத்தமே இல்லாதபோது மின்னோட்டம் குறைவு. இடையில் எங்கோதான் டிரான்சிஸ்டர் மிக அதிகமாகச் சூடாகும். அலையின் இரு பாதிகளை இரண்டு டிரான்சிஸ்டர்கள் பங்குபோட்டுச் சுமக்கும் சாதாரண 'கிளாஸ் பி' அமைப்பில் கணக்குப் போட்டால் அது முழு சக்தியின் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். ஆக, ஒரு மணி நேரம் ஆம்ப்பை அடுப்பில் வைத்த மாதிரிதான். தாங்க வேண்டுமானால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெரிதாக இருக்க வேண்டும். 1970களின் பிற்பகுதிப் பெட்டிகளின் பின்னாலும் பக்கவாட்டிலும் கனத்த அலுமினியத் தகடுகள் வரிசை கட்டி நிற்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

விதி வந்ததும் போட்டி அடங்கவில்லை, நேர்மையான வாட்டில் தொடர்ந்தது. 1976இல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 சானலுக்கு 160 வாட் என்றது. 1978இல் அதே நிறுவனத்தின் எஸ்எக்ஸ்-1980 சானலுக்கு 270 வாட்டில் வந்தது. எடை ஏறத்தாழ 35 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க நல்ல மேசை வேண்டும். அழகு என்றால் அழகுதான். ஆனால் அந்த 270இல் பெரும்பாலான வீடுகள் கேட்டது முதல் இரண்டு வாட்டைத்தான் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஐரோப்பியக் கையேடுகளைப் படிக்கும்போது வேறு கவனம் தேவை. ஜெர்மனியின் டிஐஎன் 45500 தரம் ஸ்டீரியோவுக்குக் கேட்டதே சானலுக்கு 6 வாட்தான். அங்கே வாட்டைப் பல நேரம் 4 ஓமில், ஆயிரம் ஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் எழுதுவார்கள். அதை 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணோடு பக்கத்தில் வைக்க முடியாது. டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்புகளில் இந்தச் சிக்கல் குறைவு. 1961இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275, கேடி88 வால்வுகளில் சானலுக்கு 75 வாட் தருவது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்பீக்கருக்கேற்ற முனையில் மாட்டினால் 4 ஓமிலும் 8இலும் 16இலும் அதே 75.

டிஸ்டார்ஷன் எண்தான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையானது, ஏமாற்றுவதும் அதுவே. ஆங்கிலேய ஆம்ப் தயாரிப்பாளர் ஹெரால்டு லீக் 1945இல் தன் ஆம்ப்புக்கு 'பாயின்ட் ஒன்' என்றே பெயர் வைத்தார். 0.1 சதவீதம் என்பது அன்று பெருமை. என்னுடைய 2270க்குக் கையேடு சொல்வது 0.3 சதவீதம், 3020க்கு 0.02. டெசிபெலில் சொன்னால் முன்னது இசைக்குக் கீழே 50, பின்னது 74. பெரிய இடைவெளி போலிருக்கிறது. ஆனால் இரண்டும் அறிவிக்கப்பட்ட முழு சக்தி வரைக்குமான உச்சவரம்புகள். நாம் கேட்கும் கால் வாட்டில் என்ன நடக்கிறது என்பதை அவை தனியாகச் சொல்வதில்லை.

கால் வாட்டில் நடப்பது இதுதான். அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. வேலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். இதை கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்கிறோம். வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த மடிப்பின் அளவு பெரிதாக மாறாது. ஆகவே பெரிய அலையில் அது தூசு. சின்ன அலையில் பெரும் பங்கு. முழு சக்தியில் அழகான எண் தரும் 1960களின் சில டிரான்சிஸ்டர் ஆம்ப்புகள் மெல்லிய இசையில் கரடுமுரடாக ஒலித்ததற்கு இதுவே காரணம். வால்வின் டிஸ்டார்ஷன் அப்படியல்ல. அளவு குறையக் குறைய அதுவும் குறையும், அதில் இரண்டாம் ஹார்மோனிக்கும் மூன்றாம் ஹார்மோனிக்கும்தான் (அசல் ஒலியைப் போல இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்கள்) பெரும்பங்கு; காது அவற்றை எளிதில் மன்னித்துவிடும். எண்ணில் தோற்ற வால்வு காதில் ஜெயித்த கதைகளில் பாதியாவது இதனால் வந்தவை என்பது என் கணிப்பு.

மருந்து, டிரான்சிஸ்டர்களை எப்போதும் சற்றே திறந்து வைப்பது. அதற்கான சிறு மின்னோட்டம்தான் பயஸ். உள்ளே இருக்கும் ட்ரிம்பாட் என்ற சிறு திருகுமாற்றியைத் திருகி அதைச் சரிசெய்வார்கள். ஆனால் சூட்டிலும் வயதிலும் அது நகரும். 1975இல் வந்த க்வாட் 405இல் பீட்டர் வாக்கரும் மைக்கேல் ஆல்பின்சனும் இதைச் சுற்றியே கடந்தார்கள். சிறிய, துல்லியமான ஒரு பகுதி தொடர்ந்து வேலை செய்யும். பெரிய டிரான்சிஸ்டர்கள் பளுவை மட்டும் சுமக்கும். அவற்றின் பிழையைச் சிறியது ஈடுகட்டும். ட்ரிம்பாட் கிடையாது, நகர்வதற்கும் எதுவும் கிடையாது. பழைய ஆம்ப் வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பயஸ் திருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

0.02க்குப் பிறகு 0.005, அதற்குப் பிறகு இன்னும் சுழியங்கள் என்று விளம்பரங்கள் போய்க்கொண்டிருந்தபோது, ஃபின்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் மட்டி ஓட்டலா ஏற்கெனவே 1970இல் வேறொரு கேள்வி எழுப்பியிருந்தார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டத்தை அள்ளிப் போட்டு நிலையான சைன் அலையில் எண்ணைக் குறைத்துவிடலாம். ஆம்ப் உள்ளூர மந்தமாக இருந்தால் திடீரென்று எழும் ஒலியில் என்ன ஆகும்? அவர் சொன்ன அளவுக்கு அது பெரிய ஆபத்தா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. என் பார்வையில், வெளியீட்டு மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாற முடியும் என்று சொல்லும் ஸ்லூ ரேட் என்ற எண் கையேடுகளுக்குள் வந்ததே போதுமான லாபம்.

டாம்பிங் ஃபேக்டரைப் பற்றி, அதாவது ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்ப்பின் அவுட்புட் தடையால் வகுத்து வரும் எண்ணைப் பற்றி, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 என்றால் அவுட்புட் தடை 0.2 ஓம், 400 என்றால் 0.02. ஸ்பீக்கர் காயிலிலேயே ஐந்தாறு ஓம் இருக்கும்போது இந்த வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

இரைச்சல் எண்ணில் ஒரு பொறி உண்டு. பழைய வழக்கப்படி முழு சக்தியோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். 1978இல் வந்த, ஐஎச்எஃப் என்ற அமெரிக்க ஹைஃபை அமைப்பின் தரம் ஒரு வாட்டோடு ஒப்பிடச் சொன்னது. 70 வாட் ஆம்ப்பில் இந்த இரண்டுக்கும் நடுவே 18 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் வரும். பழைய முறையில் 90 என்று எழுதியதும் புதிய முறையில் 72 என்று எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே ஆம்ப்பாக இருக்கலாம்.

இவ்வளவும் புதிதாக இருந்தபோது எழுதிய எண்கள். கையில் இருப்பதற்கு ஐம்பது வயது ஆகியிருக்கலாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உலர்ந்திருக்கும், ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கும். அவுட்புட்டில் கெபாசிட்டர் வைத்த பழைய அமைப்புகளில் 2000 மைக்ரோஃபாரட் புதிதாக இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அது பாதியாகச் சுருங்கினால் 20 ஹெர்ட்ஸிலேயே தேய்ந்துபோகும். கையேட்டில் எழுதியது அப்படியேதான் இருக்கும், பாஸ் மட்டும் இருக்காது.

நெடுநாள் தூங்கிய ஆம்ப்பை நான் நேரடியாகப் பிளக்கில் செருகுவதில்லை. மின்பாதையில் தொடராக இணைத்த சீரிஸ் பல்பு வழியாகத்தான் முதல் மின்சாரம். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பின்புறத்தில் எத்தனை வோல்ட்டுக்கு அமைத்திருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். 100 வோல்ட்டுக்குச் செய்ததை 230இல் மாட்டினால் அதோடு கதை முடிந்தது. பிறகு ஸ்பீக்கரை இணைக்கும் முன், ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி (நேர்மின்) அளவு. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை, சில வோல்ட் வந்தால் ஸ்பீக்கரை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். வால்வு ஆம்ப்பில் மட்டும் முறை தலைகீழ்: ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக வைக்கும் மின்தடையான டம்மி லோடோ இல்லாமல் அதை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வயதாகிவிட்டது என்பதற்காக எல்லாப் பாகங்களையும் ஒட்டுமொத்தமாகப் பிடுங்கி மாற்றுவதை நான் விரும்புவதில்லை. அளந்து, கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். பழைய டிரான்சிஸ்டருக்குப் பதிலாக அதைவிட வேகமானதைப் போட்டால் ஆம்ப் தானாகவே அலைவுறத் தொடங்கும் வாய்ப்பும் உண்டு.

கடைசியாக, இரண்டு ஆம்ப்பை எப்படிக் கேட்டு ஒப்பிடுவது? பழைய ஆக்ஸ் இன்புட்டுகள் 150 மில்லிவோல்ட் அளவில் முழு சக்தி தருமாறு அமைந்தவை. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். அதனால் வால்யூம் குமிழை லேசாகத் திருப்பியதுமே வீடு அதிரும். "என்ன சக்தி பாருங்கள்" என்பார் சொந்தக்காரர். அது சக்தி இல்லை, இன்புட் உணர்திறன். குமிழ் நிற்கும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு ஆம்ப்பிலும் ஒரே எண் வரும்படி வையுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பல, அதற்கு மேலான அதிர்வெண்ணில் தடுமாறும் என்பதால்தான் 400. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'தெளிவு' என்று நம்பிவிடும். பிறகு இணைப்பை வேறொருவர் மாற்ற, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

இப்படிச் சமப்படுத்திக் கேட்டபோது, எளிதாக ஓடும் ஸ்பீக்கரில், மிதமான அளவில், என்னால் அந்த 70ஐயும் 20ஐயும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரை மாட்டி அளவைக் கூட்டியதும் 20 வாட் பெட்டிக்கு மூச்சு வாங்கியது, பெரியது அசையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வணக்கம்.