எழுபதுகளுக்கு ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது?

[திரையில்: நிறம் மாறிப்போன ஒரு பழைய குடும்பப் படம். பின்னணியில் டேப் ஓடும் மெல்லிய இரைச்சல்.]

எழுபதுகள் என்று சொன்னதும் உங்கள் மனதில் ஒரு நிறம் வருகிறதா? பலருக்கும் வரும். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த, சாயங்கால வெயில் மாதிரி ஒரு நிறம். போனில் படம் எடுத்து, பழைய படம் மாதிரி மாற்றச் சொன்னால் கிடைப்பதும் ஏறக்குறைய அதே நிறம்தான்.

அன்றைய உடைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஆரஞ்சு நிறையவே இருந்தது, உண்மை. ஆனால் வானம் நீலமாகத்தான் இருந்தது. மாறியது காகிதம். அப்போதைய கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: மஞ்சள், ரோஸும் ஊதாவும் கலந்த மெஜந்தா, அப்புறம் சியான் எனப்படும் நீலப்பச்சை. மூன்றும் ஒரே வேகத்தில் மங்கியிருந்தால் படம் வெறுமனே வெளுத்திருக்கும். ஆல்பத்துக்குள் மூடி வைத்த படங்களில் பெரும்பாலும் சியான் முந்திக்கொண்டு மங்கியது. நீலப்பச்சை போனபின் மிஞ்சுவது செம்மைதானே! அன்றைய சினிமா பிரதிகள் பலவும் இப்படித்தான் முழுக்க ரோஸ் நிறத்துக்கு மாறிவிட்டன.

அப்படியானால் அந்தக் காலத்தில் யாருமே பார்த்திராத ஒரு நிறத்துக்காக நாம் ஏங்குகிறோம். இதை வைத்து அந்த ஏக்கமே பொய் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிறம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, சரி. ஏக்கத்துக்கு உள்ளே வேறொன்று இருக்கிறது.

[திரையில்: 1688 என்ற எண்.]

இந்த ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்று பெயர். அந்தச் சொல் ஒரு நோயின் பெயராகப் பிறந்தது. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்கள் ஊர் நினைவில் வாடுவதற்கு வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தார். இடத்துக்காக இருந்த ஏக்கம் காலத்துக்காக மாறியது பின்னால்தான்.

அது சரி, எழுபதுகளில் பிறக்கவே பிறக்காத பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்டால் ஏன் நெஞ்சு இளகுகிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரம்ஹான்சல், இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் பதின்வயதுப் பாடல்கள் அவர்களுக்கு நன்றாக நினைவிருந்ததில் வியப்பில்லை. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாடல்களிடத்திலும் தனிப் பிரியம் தெரிந்தது. அம்மா சமைத்துக்கொண்டே முணுமுணுத்த பாட்டு பிள்ளையின் நினைவாகவும் ஆகிவிடுகிறது.

எழுபதுகளின் மக்களும் இதற்கு விலக்கில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி, எங்கும் விலையேற்றம். அந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி 1974-இல் ஹேப்பி டேஸ் என்று ஒரு தொடரைத் தொடங்கியது. கதை நடப்பது ஐம்பதுகளில்! நாம் ஏங்குகிற காலத்தில் வாழ்ந்தவர்கள், தங்களுக்கும் முந்தைய காலத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

[திரையில்: ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கின் ஸ்கோர் பலகை. எண்: 1.00.]

1976 ஜூலை 18, மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். பதினான்கு வயது நாடியா கோமனேச்சி கம்பிகளில் ஆடி இறங்குகிறாள். பலகையில் 1.00 என்று விழுகிறது. ஒலிம்பிக்ஸில் யாராவது பத்துக்குப் பத்து வாங்குவார்கள் என்று எதிர்பார்க்காததால், 10.00 என்று காட்ட அந்தப் பலகையில் இடமே இல்லை. கூட்டம் ஒரு கணம் விழித்துவிட்டு, புரிந்ததும் ஆர்ப்பரித்தது.

இன்று நாம் அந்தக் காட்சியை நூறு முறை பார்க்கலாம். அன்று வீட்டில் பார்த்தவருக்கு, டிவியில் காட்டும்போது பார்த்தால்தான் உண்டு. வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும் பீட்டாமேக்ஸ் 1975-இலும் விஎச்எஸ் 1976-இலும்தான் வந்தன, பெரும்பாலான வீடுகளை அவை எட்டியிருக்கவில்லை. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாள் எல்லோரிடமும் பேச ஒரே விஷயம் இருந்தது. நான் அந்தக் காலத்திடம் பொறாமைப்படுவது இதற்காகத்தான்.

[திரையில்: உள்ளங்கையில் ஒரு கேசட். மெல்லத் திருப்புகிறோம்.]

இதோ, கையில் ஒரு கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்தியது, ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது எழுபதுகளில். உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். சி-60 என்றால் பக்கத்துக்கு அரைமணி நேரம். நாடா வெளியே வந்து சிக்கிக்கொண்டால், பல்சக்கரத்துக்குள் பென்சிலை விட்டுப் பொறுமையாகச் சுற்ற வேண்டும்.

மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளைப் பாருங்கள். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். எதைக் காப்பாற்றுவது, எதை அழிப்பது என்று சாதாரண மனிதர் முடிவெடுத்த இடம் இந்த ஓட்டை.

ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்த பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் ரெக்கார்டு, பிளே என்ற இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமுக்கியவர்களுக்குத் தெரியும். முதல் வரியின்மேல் அறிவிப்பாளர் குரல் ஏறியிருக்கும். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடும். இன்று அதே பாட்டு முழுசாக, சுத்தமாகக் கிடைக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்தால் காது ஒரு நொடி நிற்கிறது, இப்போது டக்கென்று நிற்குமே என்று. பாட்டோடு சேர்த்து நம் காத்திருப்பும் அந்த நாடாவில் பதிவாகியிருந்தது.

[திரையில்: நீலமும் வெள்ளியுமாக ஒரு சிறிய கருவி.]

1979 ஜூலை 1. ஜப்பானில் சோனி வாக்மேன் கடைக்கு வருகிறது. பாட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் தெருவில் நடக்கலாம். ஊரே சேர்ந்து கேட்டது போய், ஆளாளுக்குத் தனியாகக் கேட்பது பரவியது இங்கிருந்துதான்.

ஆனால் அந்த முதல் மாடலை உற்றுப் பாருங்கள். ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாக இருக்குமே என்று சோனியின் அகியோ மொரிட்டா கவலைப்பட்டார். அதனால் இரண்டு பேருக்கு இடம். மேலே ஒரு பட்டனும் வைத்தார்கள். அதை அமுக்கினால் பாட்டின் ஒலி தணியும், உள்ளே இருக்கும் மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். காலப்போக்கில் அந்தப் பட்டன் மறைந்துவிட்டது.

[திரையில்: பட்டன், மிக அருகில்.]

அதன் நிறம் ஆரஞ்சு. இது சாயம் மங்கி வந்ததில்லை, செய்யும்போதே ஆரஞ்சு.