புழுவே இல்லாத புழுவெட்டு

(திரையில்: ஒரு தலையின் பின்புறம். முடிக்கு நடுவே நாணய அளவில் வழவழப்பான வட்டம்.)

இதைப் புழுவெட்டு என்கிறோம். சில ஊர்களில் பூச்சிவெட்டு. ராத்திரி ஏதோ கடித்துவிட்டது என்று சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். உண்மையில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. வாழ்நாளில் நூறில் சுமார் 2 பேருக்கு வரும்.

(திரையில்: வட்டத்தின் ஓரம், பெரிதாக்கப்பட்டு.)

ஓரத்தில் நிற்கும் குட்டை முடிகளைப் பாருங்கள். நுனி தடித்து, அடி மெலிந்து, அச்சு அசல் ஆச்சரியக்குறி. தோலில் துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மயிர்க்காலின் அடிக்குமிழைச் சுற்றி, கிருமிகளைத் தாக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மொய்த்திருக்கும். மருத்துவர்களே அதைத் தேனீக்கூட்டம் என்றுதான் வர்ணிக்கிறார்கள். இவ்வளவு மொய்த்தும் மயிர்க்கால் சாவதில்லை. அதனால்தான் முடி திரும்ப வருகிறது. பல நேரம் முதலில் வெள்ளையாக.

சரி, தேனீக்களைக் கூப்பிட்டது யார்?

உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் லேசில் கிடைக்காது. 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய நேஷனல் அலோபீசியா ஏரியேட்டா ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, நன்கொடை திரட்டி ஆராய்ச்சியாளர்களுக்குச் சிறு தொகைகளாகக் கொடுத்தது. சிறு தொகையில் என்ன ஆகும்? முதல் சோதனை ஆகும். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பெரிய நிதி கேட்கலாம்.

ஆனால் திருப்பம் தந்தது, என் கணக்கில், ஒரு சலிப்பூட்டும் வேலை: பதிவேடு. நோயாளிகளின் விவரத்தையும் ரத்த மாதிரியையும் வருடக்கணக்கில் சேர்த்து வைப்பது. அரசு நிதியில் தொடங்கிய அந்தத் தேசியப் பதிவேட்டுக்கு அறக்கட்டளையும் தோள் கொடுத்தது.

(திரையில்: வரிசையாக ரத்த மாதிரிக் குப்பிகள்.)

2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலா கிறிஸ்டியானோ குழு அந்த மாதிரிகளை எடுத்தது. அவருக்கும் இதே நோய் உண்டு. 1,054 நோயாளிகளின் மரபணுக்களை நோய் இல்லாத 3,278 பேரோடு ஒப்பிட்டார்கள். சிக்கிய மரபணுக்களில் சில, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலும் முதல் வகை நீரிழிவிலும் ஏற்கெனவே தெரிந்தவை. இரண்டுமே உடலின் பாதுகாப்புப் படை உடலையே தாக்கும் நோய்கள். இன்னொன்று, மயிர்க்கால் ‘ஆபத்து’ என்று கொடி காட்ட வைக்கும் மரபணு. கூப்பிட்டது மயிர்க்காலேதான்!

முடக்குவாதத்தோடு உறவு என்றால், அதன் மருந்தைப் பார்க்கலாமே? 2014-இல், வெள்ளை அணுக்களுக்குள் தாக்குதல் சமிக்ஞையைக் கடத்தும் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்தார்கள், ரோமம் வளர்ந்தது. 2022 ஜூனில், முடக்குவாதத்துக்கு வந்த, அதே வகை மருந்தான பாரிசிட்டினிப் தீவிர புழுவெட்டுக்கும் அமெரிக்க அனுமதி பெற்றது.

நன்கொடையே மருந்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. சுமார் 1,200 பேரை வைத்து நடத்திய கடைசிச் சோதனைகளுக்கு மருந்து நிறுவனம்தான் செலவழித்தது. அதிலும் கூடுதல் அளவு மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் 36 வாரத்தில் தலையின் 80 சதவீதம் மூடியது. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. தொற்று, ரத்தம் உறைதல் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. வெங்காயம் மாதிரி நாமாகத் தேய்த்துப் பார்க்கிற சங்கதி இல்லை.

அப்புறம், தழும்பு விழும் வகை முடி உதிர்வு ஒன்று இருக்கிறது. அங்கே தாக்குதல் அடிக்குமிழில் இல்லை. சற்று மேலே, முடியைத் திரும்ப முளைக்க வைக்கும் குருத்தணுக்கள் இருக்கும் இடத்தில். மயிர்க்காலே செத்துவிடும். அதற்கென ஓர் அறக்கட்டளை 2004-இல்தான் தொடங்கியது.